தாய்மொழியைக் கற்பிக்கக் கற்றல்: ஜெர்மன் மொழியாசிரியர் கல்வியைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒரு தேசத்துக் குழந்தைகள் தாயின் மடியிலேயே பழகிக்கொண்டு வரும் பாஷையை, பள்ளியில் அவர்களுக்கு மீண்டும் கற்பிப்பதற்கென்று, ஏறக்குறைய ஐந்தாண்டுகள் சர்வகலாசாலையிலும், அதன்பின் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை பயிற்சியிலும் உழைத்துத் தேறிய ஆசிரியர் எதற்காக வேண்டும் என்னும் கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்களுக்கு நியாயமானதாகவே தோன்றும். கணித ஆசிரியர் மாணவன் அறியாத ஒன்றைக் கற்பிக்கிறார். சரித்திர ஆசிரியரும் அவ்வாறே. தாய்மொழி ஆசிரியர் ஒருவர்தாம், மாணவன் தனக்கு ஏற்கனவே தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கற்பிக்க வகுப்பிலே நுழைகிறார். அவர் எதைக் கற்பிக்கிறார், அதற்காக அவர் எதைக் கற்றிருக்க வேண்டும், அக்கல்வியை அளிக்கத் தகுந்த இடம் எது என்னும் மூன்று வினாக்களுக்கும் ஜெர்மனி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வந்திருக்கிறது. அவ்விடைகளுள் சில உயர்ந்தவை. சில பெருந்தீங்கிற்கு வழிகாட்டியவை. அவற்றை வரிசையாக எடுத்து ஆராய்ந்து, இன்று அந்நாட்டில் ஜெர்மன் மொழியையும் கலாசாரத்தையும் கற்று ஆசிரியராக விரும்பும் ஒருவர் எத்தகைய கல்வியைப் பெறுகிறார், அதில் நிறைவு எது, குறை எது என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதி வரையில் ஜெர்மானிய சர்வகலாசாலைகளில் ஜெர்மன் மொழிக்கு இடமே இல்லை. லத்தீனே வித்துவான்களின் பாஷை. 1687ஆம் ஆண்டில் லைப்சிக் நகரத்துச் சர்வகலாசாலையில் கிறிஸ்டியான் தொமாசியுஸ் என்ற அறிஞர், தாம் ஜெர்மன் மொழியில் பிரசங்கம் செய்யப் போவதாக அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியதை அக்காலத்தவர் ஒரு பெரிய துணிகரமாகவே கருதினர். பின்னர் அவர் பணியாற்றிய ஹாலே நகரம், நமக்கும் ஓரளவு உறவுடையது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்ற சீகன்பால்கு அவ்வூர்ச் சர்வகலாசாலையில் பயின்றவரே. ஆயினும் தொமாசியுஸுக்குப் பின்னரும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஜெர்மன் என்பது கற்பிக்கும் கருவியாகியதே அன்றிக் கற்கப்படும் பொருளாகவில்லை.

ஆசிரியத் தொழிலின் நிலையும் அப்படித்தான் இருந்தது. லத்தீன் பள்ளிகளில் கற்பித்தவர்களில் பெரும்பாலோர் தேவசாஸ்திரம் பயின்று, நல்லதொரு குருபதவி காலியாகும் வரையில் பள்ளியில் காத்திருந்தவர்கள். பள்ளி அவர்களுக்கு ஒரு தங்குமிடமே அல்லாமல் வாழ்நாள் தொழில் அன்று. இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முதன்மையானவர் பிரீட்ரிக் ஆகுஸ்ட் வோல்ஃப். 1777இல் கோட்டிங்கென் சர்வகலாசாலையில் சேர்ந்தபோது தம்மைத் தேவசாஸ்திர மாணவராகப் பதிவு செய்துகொள்ள மறுத்து, மொழிநூல் மாணவராகவே பதிவு செய்யவேண்டுமென்று அவர் வற்புறுத்தினார். 1787இல் ஹாலேயில் அவர் தொடங்கிய மொழிநூல் ஆய்வுவகுப்பு, குருமார் தொழிலினின்றும் ஆசிரியர் தொழிலைப் பிரித்தெடுத்த முதல் முயற்சிகளுள் ஒன்று.

வோல்ஃபின் நண்பரான வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட், 1809இல் பிரஷ்ய அரசாங்கத்தின் கல்விப் பகுதிக்குத் தலைவராக வந்து, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலமே அப்பதவியில் இருந்தபோதிலும், அதற்குள்ளாகவே பெர்லின் சர்வகலாசாலைக்கு வித்திட்டதோடு, ஆசிரியராக விரும்புவோர் அனைவரும் அரசாங்கப் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும் என்ற திட்டத்தையும் வகுத்துச் சென்றார். 1810ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் அத்திட்டம் சட்டமாயிற்று. அன்றுமுதல் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் தம் பாடத்தில் புலமை பெற்ற அரசாங்க ஊழியரானார். அதே ஆண்டில்தான் பெர்லினில் பிரீட்ரிக் ஹைன்ரிக் ஃபொன் டெர் ஹாகென், ஜெர்மன் மொழிக்கும் இலக்கியத்திற்கும் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். நாட்டுமொழி ஒரு சாஸ்திரமாகவும், அதைக் கற்பிப்பது ஒரு தனித்தொழிலாகவும் ஒரே ஆண்டில் உருப்பெற்றமை கவனிக்கத் தக்கது. நெப்போலியனிடம் தோற்று, நாட்டின் பாதியை இழந்து நின்ற பிரஷ்யா, படைபலத்தில் இழந்ததை அறிவுபலத்தால் ஈடுசெய்ய முயன்ற காலம் அது. ஆகவே ஜெர்மன் மொழிக் கல்வியோடு தேசாபிமானம் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் பெருமைக்கும் பின்னர் நேர்ந்த சிறுமைக்கும் இதுவே காரணம்.

ஆராய்ச்சியாளரும் ஆசிரியரும்

இப்புதிய சாஸ்திரத்திற்கு உரம் அளித்ததில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1808இல் பிரீட்ரிக் ஷ்லேகல் இந்தியரின் மொழியையும் ஞானத்தையும் பற்றி எழுதிய நூலும், 1816இல் பிரான்ஸ் போப், சம்ஸ்கிருத வினைச்சொற்களைக் கிரேக்கம், லத்தீன், பாரசீகம், ஜெர்மானியம் ஆகியவற்றின் வினைச்சொற்களோடு ஒப்பிட்டு எழுதிய நூலும் ஒப்பியல் மொழிநூலுக்கு அடிகோலின. அந்நெறியில் நின்று யாகோப் கிரிம் 1819இல் தம் ஜெர்மன் இலக்கணத்தின் முதற்பகுதியை வெளியிட்டு, 1822இல் அதைத் திருத்தி எழுதியபோது, ஜெர்மானிய மொழிகளின் மெய்யொலிகள் ஓர் ஒழுங்குக்குட்பட்டே மாறிவந்திருக்கின்றன என்பதை நிலைநாட்டினார். இதே ஒப்பியல் நெறியே பின்னர்க் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திற்கும் முன்மாதிரியாயிற்று. அவ்வாண்டிலேயே கார்ல் கிரௌல் திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து லைப்சிக்கில் வெளியிட்டார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கிரிம் சகோதரர்கள் அறிவுத்துறையில் மட்டும் அல்லாமல் ஒழுக்கத்திலும் ஒரு மரபை நிறுவினர். 1837இல் ஹானோவர் அரசர் நாட்டின் அரசியலமைப்பை ரத்து செய்தபோது, தாங்கள் அதன்மீது செய்த பிரமாணத்தை மீற மறுத்துக் கண்டன அறிக்கையில் கையொப்பமிட்ட கோட்டிங்கென் பேராசிரியர் எழுவருள் யாகோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம், இலக்கிய வரலாற்றறிஞர் கெர்வீனுஸ் ஆகிய மூவரும் ஜெர்மன் இலக்கிய ஆராய்ச்சியைச் சேர்ந்தவர்கள். எழுவரும் பதவி இழந்தனர்; யாகோபும் கெர்வீனுஸும் வரலாற்றறிஞர் டால்மனும் மூன்று நாளைக்குள் நாட்டைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. பதவி இழந்த சகோதரர்கள் மறு ஆண்டில் ஒப்புக்கொண்ட பணியே பெரிய ஜெர்மன் அகராதி. அதன் முதல் தொகுதி 1854இல் வெளிவந்தது. வில்ஹெல்ம் 1859இலும் யாகோப் 1863இலும் காலமான பின், தலைமுறை தலைமுறையாகப் பிறர் தொடர்ந்து, 1961இல்தான் முப்பத்திரண்டு பாகங்களாக அது முற்றுப்பெற்றது.

ஆயினும் இத்துணைச் சிறப்புடைய சாஸ்திரம் பள்ளிக்கு நேரடியாக என்ன தந்தது என்று கேட்டால், நெடுங்காலம் அதிகமாக ஒன்றும் தரவில்லை என்றே சொல்லவேண்டும். லாக்மன் என்னும் மொழிநூலறிஞரும் அவர் மாணவர்களும் இடைக்காலத்து நூல்களின் ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கித் திருத்தமான பதிப்புகளை வெளியிடுவதிலேயே ஈடுபட்டனர். அவ்வகுப்புகளில் பயின்றவர், நீபெலுங்கென் காவியத்தின் பாடபேதங்களைப் பற்றி மணிக்கணக்காகப் பேச வல்லவராயினும், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தன் எண்ணத்தைத் தெளிவாக எழுதக் கற்பிப்பது எப்படி என்பதை அறியாதவராகவே பள்ளிக்குச் சென்றார். 1826இல் பிரஷ்யா ஓராண்டுப் பயிற்சிக் காலத்தைக் கட்டாயமாக்கியதும், 1890இல் அதனோடு மற்றோராண்டைச் சேர்த்ததும் இக்குறையை உணர்ந்தே. சர்வகலாசாலையில் சாஸ்திரம், அதன்பின் பள்ளியில் செய்முறை என்ற இரண்டு கட்டப் பிரிவு அப்போது உருவாகி, இன்று வரையில் மாறாமல் நிற்கிறது.

இவ்விடத்தில் இருவரைச் சிறப்பாகக் குறிப்பிடுவது கடமை. ஒருவர் ருடால்ஃப் ஹில்டெப்ராண்ட். லைப்சிக்கில் தோமஸ் பள்ளியில் பல்லாண்டு ஆசிரியராக இருந்துகொண்டே கிரிம் அகராதியில் உழைத்து, பின்னர்ச் சர்வகலாசாலைப் பேராசிரியரான இவர், பள்ளியில் ஜெர்மன் மொழி கற்பித்தலைப் பற்றி 1867இல் எழுதிய நூலில், லத்தீன் இலக்கணத்தின் வார்ப்பிலே தாய்மொழியைத் திணித்துக் கற்பிக்கும் முறையைக் கண்டித்து, வாய்ப்பேச்சே மொழிக்கல்வியின் உயிர் என்றும், குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவரும் வட்டார வழக்கைப் பகையாகக் கருதாமல் அதிலிருந்தே பொதுமொழிக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்றும் வாதித்தார். மற்றவர் கொன்ராட் டூடென். சிறிய ஊர்களில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த இவர், ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்ட ஜெர்மன் எழுத்துக்கூட்டலால் தம் மாணவர் படும் துன்பத்தைக் கண்டு, முதலில் 1872இலும் பின்னர் 1880இலும் வெளியிட்ட நூல்களே தேசம் முழுவதற்கும் ஒரே எழுத்துமுறை ஏற்பட வழிசெய்தன. இவ்விருவரும் ஆராய்ச்சியைப் பள்ளியின் தேவையிலிருந்து தொடங்கியவர்கள். பள்ளிக்காக ஆராய்ச்சியைத் தாழ்த்தாதவர்கள். மொழியாசிரியருக்கு இலட்சணம் கூறவேண்டுமானால் இவர்களையே நான் காட்டுவேன்.

இருவகை ஆசிரியர்

இதுவரை கூறியது உயர்நிலைப் பள்ளியாகிய கிம்னாசியத்தின் ஆசிரியரைப் பற்றியது. தேசத்துக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் சென்ற பொதுப் பள்ளிகளின் ஆசிரியர்களோ சர்வகலாசாலையின் வாசலையே மிதித்ததில்லை. பதினான்கு, பதினைந்து வயதிலேயே ஆயத்தப் பள்ளிகளிலும், அதன்பின் விடுதிக் கட்டுப்பாடு மிகுந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளிலும் அவர்கள் வளர்க்கப்பட்டனர். படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் கற்பிப்பதற்கு அதற்குமேல் கல்வி தேவையில்லை என்பதும், அதிகம் படித்த ஆசிரியர் அரசாங்கத்துக்கு அடங்கி நடக்கமாட்டார் என்பதுமே அதிகாரிகளின் அபிப்பிராயம். பெண்களின் நிலை இன்னும் தாழ்ந்தது. 1880இல் பிறந்த விதி ஒன்றின்படி, ஆசிரியை திருமணம் செய்துகொண்டால் வேலையை இழக்கவேண்டும். 1919ஆம் ஆண்டு ஜெர்மன் குடியரசின் வைமார் அரசியலமைப்பு பெண் ஊழியருக்கெதிரான தனிவிதிகளை நீக்கிய பின்னும் அவ்வழக்கம் வேறு வடிவங்களில் திரும்பி வந்தது. பிரஷ்யாவில் பெண்கள் முறையான சர்வகலாசாலை மாணவிகளாகச் சேர்க்கப்பட்டது 1908இல்தான்.

வைமார் அரசியலமைப்பின் 143ஆம் பிரிவு, ஆசிரியர் கல்வி முழுவதும் உயர்கல்விக்குரிய நெறிகளின்படியே அமைய வேண்டும் என்று விதித்தது. சாக்சோனி, துரிங்கியா, ஹாம்பர்க் ஆகிய மாநிலங்கள் பொதுப்பள்ளி ஆசிரியருக்கும் சர்வகலாசாலையைத் திறந்துவிட்டன. பிரஷ்யா 1926 முதல் தனியான கல்விக் கழகங்களை அமைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் ஏற்பட்ட கல்வியியல் உயர்பள்ளிகள் 1970களில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் சர்வகலாசாலைகளோடு இணைக்கப்பட்டன. பாடென்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் மட்டும் பிரைபுர்க், ஹைடெல்பெர்க், லூட்விக்ஸ்புர்க் முதலிய ஆறு ஊர்களில் அவை தனித்தே நடந்து வருகின்றன. முதல் வகுப்புக் குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியரும் சர்வகலாசாலைக் கல்வி பெறவேண்டும் என்னும் கொள்கை வெற்றிபெற ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதன் நியாயத்தை இன்று யாரும் மறுப்பதில்லை. குழந்தை எழுத்தையும் ஒலியையும் இணைக்கத் தொடங்கும் அந்த முதலாண்டிலேதான் மொழிநூலறிவு மிகுதியாகப் பயன்படுகிறது.

கலாசாரம் என்ற பெயரால்

1890ஆம் ஆண்டு டிசம்பரில் பெர்லினில் கூடிய பள்ளி மகாநாட்டில், இரண்டாம் வில்ஹெல்ம் சக்கரவர்த்தி, கிம்னாசியம் கிரேக்கரையும் ரோமரையும் உருவாக்குவதை விடுத்து ஜெர்மானியரை உருவாக்கவேண்டும் என்றும், அதற்கு ஜெர்மன் மொழியே அடிப்படையாகவேண்டும் என்றும் பேசினார். மொழியாசிரியர்கள் மகிழ்ந்தனர், நெடுங்காலம் லத்தீனின் நிழலில் ஒதுங்கிக் கிடந்த தங்கள் பாடத்துக்கு இராஜ மரியாதை கிடைத்துவிட்டது என்று எண்ணினர். 1912இல் அவர்கள் ஒரு சங்கம் கண்டனர். மொழி, இலக்கியம், நாட்டார் வழக்கு, கலை ஆகிய அனைத்தையும் சேர்த்து ஜெர்மானிய ஆன்மாவைக் கற்பிப்பதே ஜெர்மன் பாடத்தின் நோக்கம் என்ற கொள்கை அவ்வட்டாரத்தில் செல்வாக்குப் பெற்றது. கலாசாரம் என்ற சொல் இங்கே ஆராய்ச்சிக்குரிய பொருளாக இராமல் வழிபாட்டுக்குரிய பொருளாக மாறிற்று.

அம்மாற்றத்தின் விளைவு 1933இல் வெளிப்பட்டது. மே மாதம் 10ஆம் நாள், சர்வகலாசாலை நகரங்கள் பலவற்றில் மாணவர்களே முன்னின்று புத்தகங்களைத் தீயிலிட்டனர். பான் நகரத்தில் அச்சடங்கிலே பிரசங்கம் செய்தவர்களுள் ஒருவர் இடைக்கால ஜெர்மன் இலக்கியத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த பேராசிரியர் ஹான்ஸ் நௌமன். பெர்லினிலே தம் நூல்கள் எரிவதைக் கூட்டத்தினிடையே நின்று கண்ட எரிக் கெஸ்ட்னரோ, டிரெஸ்டெனில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும், பின்னர் லைப்சிக் சர்வகலாசாலையில் ஜெர்மன் இலக்கியத்திலும் பயின்று 1925இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஒரே சாஸ்திரத்தைக் கற்றவர்களுள் ஒருவர் தீயின் அருகே நின்று பேசுபவராகவும், மற்றொருவர் அத்தீயிலே தம் உழைப்பை இழப்பவராகவும் இருந்தனர் என்ற உண்மை, புலமை மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது என்பதை ஐயமின்றிக் காட்டுகிறது. கிரிம் சகோதரர்களைப் பதவியினும் பிரமாணத்தைப் பெரிதாக எண்ணச் செய்த அந்தத் திடசித்தம் புலமையோடு சேர்ந்தால்தான் மொழிக்கல்வி முழுமையடைகிறது.

போர் முடிந்த பின், டிரெஸ்டெனில் பிரெஞ்சு முதலிய மொழிகளின் பேராசிரியராக இருந்து யூதர் என்பதால் நீக்கப்பட்ட விக்டர் கிளெம்பெரெர், பன்னிரண்டு ஆண்டுகள் மறைவாகக் குறித்துவைத்த செய்திகளைக் கொண்டு, நாஜிகள் ஜெர்மன் மொழியை எவ்வாறு நஞ்சாக்கினர் என்பதை விளக்கும் நூலை 1947இல் வெளியிட்டார். ஆயினும் ஜெர்மன் மொழித்துறை தன் பொறுப்பை வெளிப்படையாக ஆராய்வதற்கு மேலும் இருபதாண்டு வேண்டியிருந்தது. 1966இல் மியூனிக் நகரத்தில் கூடிய மகாநாட்டில் லெம்மெர்ட், கில்லி, கொன்ராடி, ஃபொன் போலென்ட்ஸ் ஆகிய அறிஞர்கள், தங்கள் சாஸ்திரத்துக்கும் தேசிய வெறிக்கும் இருந்த உறவைத் தயக்கமின்றி எடுத்துக்காட்டினர். அன்று முதல், ஜெர்மன் கலாசாரத்தைக் கற்பது என்றால் அதன் புகழோடு அதன் பழியையும் கற்பது என்று பொருளாயிற்று. இன்று ஜெர்மன் ஆசிரியராக விரும்பும் மாணவர் கேதேயையும் ஷில்லரையும் படிப்பதோடு, யூத மரபில் வந்த காஃப்காவையும் பால் செலானையும், நாடு துறந்து எழுதிய பிரெக்டையும் அன்னா ஸேகெர்ஸையும் படிப்பது இந்த மறுபரிசீலனையின் நல்ல பயன். மற்ற நாடுகளில் தாய்மொழிப் பற்றைக் கல்வியின் ஆணிவேராகக் கருதுவோர் அனைவரும் சிந்திக்கத் தக்க வரலாறு இது.

இன்றைய பாடத்திட்டம்

ஜெர்மனியில் கல்வி பதினாறு மாநிலங்களின் தனி அதிகாரத்துக்குட்பட்டது. ஆகவே ஒரே விதமான ஆசிரியர் கல்வி என்று ஒன்றில்லை. எனினும் மாநிலக் கல்வியமைச்சர்களின் நிலைக்குழு 2004இல் ஆசிரியர் கல்விக்கும், 2008இல் ஒவ்வொரு பாடத்துக்கும் வகுத்த பொதுநெறிகளால், சிறிய வேற்றுமைகளை நீக்கிப் பார்த்தால் ஒரு பொதுவடிவம் புலப்படுகிறது.

கிம்னாசிய ஆசிரியராக விரும்புவோர் இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ள வேண்டும்; ஜெர்மனோடு சரித்திரமோ, ஆங்கிலமோ, கணிதமோ சேரலாம். ஐரோப்பிய உயர்கல்விப் பட்டங்களை ஒருமைப்படுத்த எழுந்த 1999ஆம் ஆண்டு போலோன்யா உடன்பாட்டுக்குப் பின் பல மாநிலங்களில் ஆறு பருவங்கள் கொண்ட இளநிலைப் பட்டமும், நான்கு பருவங்கள் கொண்ட ஆசிரியர் முதுநிலைப் பட்டமும் ஏற்பட்டுள்ளன. பவேரியா முதலிய சில மாநிலங்கள் பழைய அரசாங்கப் பரீட்சையையே போற்றி வருகின்றன. எம்முறையாயினும் ஜெர்மன் பாடம் நான்கு கிளைகளாகப் பிரிந்து நிற்கிறது. முதலாவது மொழிநூல்: ஒலியமைப்பு, சொல்லமைப்பு, வாக்கிய அமைப்பு, பொருள், வழக்கு ஆகியவற்றின் ஆராய்ச்சி. இரண்டாவது பழைய இலக்கியம்: ஏறக்குறைய 1200ஆம் ஆண்டையொட்டிய இடைக்கால ஜெர்மனில் அமைந்த நீபெலுங்கென் காவியத்தையும், வால்ட்டர் ஃபொன் டெர் ஃபோகெல்வைடெயின் பாடல்களையும் மூலத்திலேயே படிக்கும் பயிற்சி. மூன்றாவது, அதற்குப் பிற்பட்ட காலம் முதல் இன்றுவரையிலான புதிய இலக்கியம். நான்காவது பாடபோதனா முறை. இது ஒரு தனிச் சாஸ்திரமாக வளர்ந்தது மிக அண்மையில்தான். ஹெர்மன் ஹெல்மெர்ஸ் 1966இல் வெளியிட்ட ஜெர்மன் மொழிப் போதனை நூல் அதற்கு ஓர் எல்லைக்கல். இவற்றோடு கல்வியியலும் மனத்தத்துவமும், பள்ளியில் பெறும் நேரடி அநுபவமும் சேர்கின்றன.

சர்வகலாசாலையிலிருந்து வெளிவந்த பின் மாநிலத்துக்கேற்ப 12 முதல் 24 மாதங்கள் வரை ஆயத்தப் பணி. மாணவர் இப்போது ஓரளவு சம்பளம் பெறும் பயிற்சியாசிரியராகி, வாரத்தில் சில பாடங்களைத் தனியே நடத்துகிறார். பயிற்சிக் கூடத்தில் தம்மொத்தவரோடு முறைகளை ஆராய்கிறார். மேற்பார்வையாளர்கள் வகுப்பின் கடைசி வரிசையிலே அமர்ந்திருக்க, பாடம் நடத்திக் காட்டிப் பின் அவர்களின் விமர்சனத்தைக் கேட்கிறார். இதன் இறுதியில் நிகழும் பரீட்சையில் தேறியவரே முழு ஆசிரியர்.

இடைவெளியைப் பற்றிய வாதம்

இவ்வளவு விரிவான ஏற்பாட்டைக் குறித்தும் ஓயாத குறை ஒன்று கூறப்படுகிறது. சர்வகலாசாலையில் கற்றதற்கும் பள்ளியில் செய்வதற்கும் சம்பந்தமே இல்லை என்பதே அது. கணித மேதை பெலிக்ஸ் கிளைன் 1908இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார்: பள்ளியிலிருந்து வரும் மாணவன் தான் அங்குக் கற்றது சர்வகலாசாலையில் எடுபடாமை கண்டு திகைக்கிறான், பின்னர் ஆசிரியனாகப் பள்ளிக்குத் திரும்பும்போது, சர்வகலாசாலையில் கற்றதைக் கைவிட்டுத் தன் பழைய ஆசிரியர்களின் வழக்கத்துக்கே மீண்டுவிடுகிறான். கணிதத்தைப் பற்றிக் கூறப்பட்ட இக்கருத்து ஜெர்மன் மொழிக்கும் முற்றிலும் பொருந்தும்.

இதற்குப் பரிகாரமாக இரு கட்சிகள் வாதிடுகின்றன. பள்ளியில் கற்பிக்காதவற்றையெல்லாம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிவிடவேண்டும் என்பது ஒரு கட்சி. இடைக்கால ஜெர்மனை எந்த மாணவனுக்கும் கற்பிக்கப் போகாத ஆசிரியர் அதில் ஒரு பருவத்தைச் செலவழிப்பானேன் என்று அவர்கள் கேட்கின்றனர். சாஸ்திரம் சாஸ்திரமாகவே இருக்கவேண்டும், பள்ளியின் தேவை அதைக் குறுக்கலாகாது, பள்ளிக்குரிய வித்தையைப் பள்ளியே பின்னர்க் கற்பித்துக்கொள்ளட்டும் என்பது மற்றொரு கட்சி. இரண்டும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள் என்பதே என் முடிபு.

சுவாபிய வழக்கிலோ, பவேரிய வழக்கிலோ, வடநாட்டுத் தாழ்ஜெர்மன் வழக்கிலோ பேசும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் எழுதும் கட்டுரையிலே, பொதுமொழிக்கு மாறான வடிவங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். மொழிவரலாற்றை அறியாத ஆசிரியர் அவற்றைக் கவனமின்மை என்று கருதிச் சிவப்பு மையால் அடித்துவிடுவார். கிரிமும் அவர்வழி வந்தோரும் கண்ட ஒலிமாற்றங்கள் தெற்கே பரவி வடக்கே நின்றுவிட்ட வரலாற்றை அறிந்த ஆசிரியரோ, அச்சிறுவன் எழுதியது பிழையன்று, பொதுமொழியின் வழக்கோடு ஒத்துவராத வேறொரு பழைய வழக்கு என்பதை உணர்ந்து, அவன் வீட்டு மொழியை இகழாமலே பொதுமொழியை அவனுக்குக் கற்பிக்க வல்லவராகிறார். பயனற்றதென்று சிலரால் ஒதுக்கப்படும் பழைய மொழியறிவு இங்கே வகுப்பறையின் மிக அவசியமான கருவியாகிவிடுகிறது. 1972இல் ஹெஸ்ஸெ மாநிலம் ஜெர்மன் பாடத்துக்குப் புதிய நெறிகளை வகுத்து, பொதுமொழியின் தனியாட்சியைக் கேள்விக்குள்ளாக்கியபோது எழுந்த பெரும் பூசலும் அடிப்படையில் இதைப் பற்றியதே. பொதுமொழியைக் கைவிட்டால் ஏழைக் குழந்தை உயர்நிலை அடையும் வாயிலை அடைப்பதாகும். வட்டார மொழியை இகழ்ந்தால் அக்குழந்தையையே இகழ்வதாகும். இவ்விரண்டையும் தவிர்க்க மொழியின் இயல்பை ஆழ்ந்து அறிந்தவரால்தான் முடியும். ஹில்டெப்ராண்ட் அதற்கு நூறாண்டுக்கு முன்பே சொன்னதும் இதுவே.

ஆகவே குறை, அளிக்கப்படும் சாஸ்திரத்தில் இல்லை. அது பள்ளியின் வினாக்களோடு சந்திக்கவிடப்படாமையில் இருக்கிறது. முதலில் ஐந்தாண்டு சாஸ்திரம், பின்னர்ச் செய்முறை என்னும் வரிசை முறையே அச்சந்திப்பைத் தடுக்கிறது. வட ரைன்-வெஸ்ட்பாலியா முதலிய மாநிலங்கள் முதுநிலைக் கல்வியின் நடுவே மாணவரைப் பல மாதங்கள் பள்ளிக்கு அனுப்பும் செய்முறைப் பருவத்தைச் சேர்த்திருப்பது இத்தடையை நீக்கும் நல்ல முயற்சி. ஆயினும் பள்ளியில் கண்ட சிறுவனின் கட்டுரையை மாணவர் மொழிநூல் பேராசிரியரிடமே கொண்டுவந்து ஆராயும் நிலை ஏற்பட்டாலன்றி அதன் பயன் பாதியளவே.

வேற்றுமொழிக் குழந்தைகள்

2001ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான பீசா என்னும் சர்வதேசச் சோதனையின் முடிவுகள், தங்கள் கல்வியைப் பற்றி ஜெர்மானியர் கொண்டிருந்த பெருமிதத்தைத் தகர்த்தன. பதினைந்து வயது மாணவரின் வாசிப்புத் திறனில் சராசரி 500 புள்ளிகளாக இருக்க, ஜெர்மனி 484 புள்ளிகளே பெற்றது. ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மிக எளிய பகுதிகளையே புரிந்துகொள்ளும் நிலையில் இருந்தனர். ஏழைக் குடும்பத்தினரும், வேற்று நாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் அவர்களுள் மிகுதி. 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி தொழிலாளராக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் காலம் வரையில், ஜெர்மன் பாடம் எல்லாக் குழந்தைகளுக்கும் ஜெர்மனே தாய்மொழி என்ற பாவனையிலேயே நடத்தப்பட்டு வந்தது. அதன்பின் வட ரைன்-வெஸ்ட்பாலியா, 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம், எந்தப் பாடத்தின் ஆசிரியராயினும் ஜெர்மனை இரண்டாம் மொழியாகக் கொண்ட மாணவருக்குக் கற்பிக்கும் முறையைக் கற்றே ஆகவேண்டும் என்று விதித்தது. 2015ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 8,90,000 அகதிகள் நாட்டுக்குள் வந்தபோது இத்தகைய விதியின் அவசியம் எல்லோருக்கும் விளங்கிற்று. 2022ஆம் ஆண்டு பீசா சோதனையில் வாசிப்புப் புள்ளிகள் 480 ஆக இறங்கியிருப்பதால், பணி முடியவில்லை என்பதும் தெளிவு.

ஜெர்மனை அந்நிய மொழியாகக் கற்பிக்கும் துறை வேறொரு வழியாக வளர்ந்தது. மேற்கே 1951இல் ஏற்பட்ட கேதே நிலையமும், கிழக்கே 1956இல் தோன்றிப் பின்னர் ஹெர்டெர் பெயரைப் பெற்ற லைப்சிக் நிலையமும் முதலில் இப்பணியை மேற்கொண்டன. 1978இல் ஹரால்ட் வைன்ரிக் மியூனிக் சர்வகலாசாலையில் இதற்கெனத் தனித்துறை கண்டார். நெடுங்காலம் ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர்கள் இரண்டாந்தரமாக மதித்த இத்துறையே, இன்று பள்ளிக்கூட ஆசிரியருக்கும் வழிகாட்டும் நிலையை அடைந்திருக்கிறது. துருக்கி மொழியில் பெயர்ச்சொற்களுக்குப் பால் வேறுபாடு இல்லை என்பதை அறிந்த ஆசிரியருக்கே, துருக்கிக் குழந்தை ஜெர்மன் பால்களைக் குழப்புவதன் காரணம் புலப்படும். தமிழரிடத்தும் இதைக் காணலாம். பொருளின் தன்மையைக் கொண்டே உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகிய நமக்கு, பொருளோடு இயைபில்லாத மூன்று பால்கள் கடினமாகின்றன. ஆயின் ஜெர்மன் சார்பு வாக்கியத்தில் வினை இறுதியிலே வந்து நிற்பது, வினையை முடிவில் வைத்தே பேசும் நம்மவர்க்கு அத்துணை அந்நியமாகத் தோன்றுவதில்லை. மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் நம் நாட்டில் இயங்கும் கேதே நிலையங்களில் இன்று இளைஞர் பலர் ஜெர்மன் பயில்கின்றனர். அவர்களுக்குக் கற்பிப்பவர் ஜெர்மனை மட்டும் அறிந்தால் போதாது, கற்பவரின் மொழியமைப்பையும் அறிந்திருக்கவேண்டும்.

முடிவு

தாய்மொழியைக் கற்பிக்கும் ஆசிரியருக்குச் சர்வகலாசாலைக் கல்வி அவசியமா என்ற முதல் வினாவுக்கு, இவ்வரலாறு ஐயத்துக்கிடமின்றி ஆம் என்றே விடை தருகிறது. அவர் கற்பிப்பதைக் காட்டிலும் மிக அதிகமாக அறிந்திருந்தால்தான், குழந்தையின் பிழைக்குப் பின்னே உள்ள ஒழுங்கைக் காணவும், தேசம் தன்னைத் துதிக்கச் சொல்லும் நேரத்தில் தயங்கி நின்று ஆராயவும் அவரால் முடியும். ஆனால் அந்த அறிவு இரண்டு நிபந்தனைகளுக்குட்பட்டது. பள்ளியிலிருந்து எழும் கேள்வி சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாகவும், அவ்வாராய்ச்சியின் விடை மீண்டும் பள்ளியின் போதனையாகவும் ஆகும்படி இரண்டையும் முதற்பருவத்திலிருந்தே இணைக்கவேண்டும் என்பது ஒன்று. கலாசாரத்தைக் கற்பது அதன் குற்றங்களை மறைக்காமல் கற்பதே என்பது மற்றொன்று. முதலாவதைப் புறக்கணித்த காலத்தில் ஜெர்மன் ஆசிரியர் கற்றறிந்தும் பயனற்றவரானார். இரண்டாவதைப் புறக்கணித்த காலத்தில் அவர் தீங்கிற்குத் துணைபோனார். இவ்விரண்டையும் நிறைவேற்றும் கல்விக்கு ஐந்தாண்டும் அதன்மேல் இரண்டாண்டும் அதிகமல்ல. தன் மொழியை நேசிக்கும் எந்தச் சமூகமும் அம்மொழியின் ஆசிரியருக்கு அத்துணைக் காலத்தையும், அதற்கேற்ற கௌரவத்தையும் அளிக்கக் கடமைப்பட்டிருக்கிறது. மொழிப்பற்றைப் பற்றிய பிரசங்கங்களை விட அதுவே அம்மொழிக்குச் செய்யும் உண்மையான தொண்டு.